வீட்டுக்குத் தூரமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது:

1. வெற்றிலைக் கொடிக்காலைப் படம் எடுக்க சோழவந்தான் போனேன்.
2. கொடிக்காலுக்குள் செருப்பு கூடாது. விசாரித்து வைத்திருந்தேன். வெளியிலேயே கழற்றினேன்.
3. தோட்டக்கார அக்கா கேட்டார்: "வீட்டுக்குத் தூரமா தாயி?"
4. "ஆமாக்கா, வில்லாபுரம். ரெண்டு பஸ் மாறி வாரேன்" என்றேன்.
5. வேலிப் படலைச் சாத்திவிட்டார்.

எங்கள் பக்கம் 'வீட்டுக்குத் தூரம்' என்றால் மாதவிலக்கு. அந்த நாட்களில் கொடிக்காலுக்குள் விடமாட்டார்கள். எனக்கும் தெரிந்த சொல்தான். தோளில் கேமராவும் மண்டைக்குள் பஸ் நேரமுமாக நின்றவளுக்கு உறைக்கவில்லை.

"அய்யோ அக்கா... நான் பஸ் தூரத்தைச் சொன்னேன்!"

"ஆமான்னுட்டு இப்ப இல்லைங்கிற. கொடி கருகிட்டா நீயா வந்து நடுவ? நாலு நாள் கழிச்சு வா."

நாலு நாளா? படங்களை அனுப்ப மறுநாளே கடைசி நாள்!

வார நாட்களில் நான் தரப் பரிசோதனை இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு வருடமாக போட்டோகிராபர். இது போதாது, முறையாகப் படிப்போம் என்று ஒரு டிப்ளமோவுக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒரே தொழிலைப் பற்றிப் பத்துப் படங்கள் கேட்டார்கள். அதில் ஒன்றாவது, ஆளோடு பேசி, அருகில் நின்று எடுத்ததாக இருக்க வேண்டும். ஒன்பது தயார். எல்லாமே எட்ட நின்று ஜூம் செய்தவை. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்தவை.

அந்தப் பத்தாவதுதான் படலுக்கு உள்ளே இருந்தது.

வாய்க்கால் ஓரம் தூக்குவாளியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாண்டியம்மாள். அங்கே வெற்றிலை கிள்ளுகிறவர். நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீயும் நம்ம கட்சியா? வா, நிழலுக்கு."

"நான் கட்சியில சேரலக்கா. பதிலைத் தப்பாச் சொல்லிட்டேன்."

தூக்குவாளி ஆட ஆடச் சிரித்தார். அவருக்கு நிஜமாகவே தூரம். உள்ளே வேலை செய்யும் கணவருக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறார்.

"சோறாக்க மட்டும் தூரமில்லையாக்கா?"

"அதுக்கு எந்த மாசம்டி லீவு விட்டாக!"

எனக்கு இந்த வழக்கத்தில் உடன்பாடில்லை. ஆனால் அன்று அதைப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. "ஒரு படம் எடுத்துக்கட்டுமாக்கா?" என்றேன். கொடிக்கால் இடுக்குக்கென்று வைட் லென்ஸ் மட்டுமே கொண்டுபோயிருந்தேன். ஒட்டி நின்றால்தான் முகம் பெரிதாக விழும்.

"இம்புட்டுப் பக்கத்துலயா? மூக்குத்தி மட்டும்தான் தெரியும், பாத்துக்க" என்றவர், வேலிப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "யோவ்... சோறு!"

வேலிக்கு மேலே ஒரு கை நீண்டது. க்ளிக்.

நேர்முகத் தேர்வில் எதிரே மூன்று பேர். ஒன்பது படங்களையும் ஒரு நிமிடத்தில் தள்ளிவிட்டார்கள். பத்தாவதில் நின்றார்கள். "இவங்க ஏன் வெளியே நிக்கிறாங்க?" சொன்னேன். "நீங்க ஏன் வெளியே நின்னீங்க?" அதையும் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தார்கள். அப்புறம் மறுபடி படத்தைப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இடம் கிடைத்துவிட்டது. ராஜினாமா கடிதமும் கொடுத்தாயிற்று. "போட்டோ எடுக்க எதுக்கும்மா படிக்கணும்?" என்று அப்பா மட்டும் இன்னும் கேட்கிறார். முதல் செமஸ்டர் முடியட்டும், சொல்கிறேன் என்றிருக்கிறேன்.