பவளம் அன்ரியின் நீர்வெட்டு

"அண்ணா, அம்மா இன்னும் முகம் கழுவேல்லை!"

காலை எட்டு மணிக்கு, வாயில் பிரஷ் இருக்கும் நேரம், ரொறன்ரோவிலிருந்து ஒரு பெண் போன் எடுத்து இப்படிச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் பற்பசையை விழுங்கிவிட்டேன்.

இது போன மாதம் நடந்தது. போன் எடுத்தவள் சுபா. எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில், எனக்கு நேர் மேல் வீட்டில் தனியாக இருக்கும் பவளம் அன்ரியின் ஒரே மகள். சரி, அம்மா முகம் கழுவாதது கனடாவில் இருப்பவளுக்கு எப்படித் தெரிந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? அதைச் சொல்வதற்கு முதலில் எங்கள் தண்ணீர்ப் பிரச்சினையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பல்கனியில் நின்றால் ரயில் பாதைக்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். உள்ளே வந்து குழாயைத் திறந்தால் காற்று. மொட்டைமாடித் தாங்கி ஏன் இப்படிச் சட்டென்று வற்றிப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் யாரால் வற்றுகிறது என்று எல்லோருக்கும் தெரியும் — பக்கத்து வீட்டுக்காரரால்! வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டைகளை இங்கே எழுதினால் ஆசிரியர் பத்தியை நிறுத்திவிடுவார்.

கடைசியில் நிர்வாகக் குழு ஒரு முடிவு எடுத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி ஸ்மார்ட் மீற்றர். எவ்வளவு தண்ணீர் எப்போது போகிறது என்று அது ஒரு அப் வழியாக நேரே போனுக்குச் சொல்லும். எங்காவது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் எச்சரிக்கும். யாரும் கவனிக்கவில்லை என்றால் வால்வைத் தானே பூட்டிவிடும். இதற்கெல்லாம் பொறுப்பாக என்னைப் போட்டார்கள். வீட்டில் அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'தண்ணி மந்திரி'.

முதல் கிழமையே மீற்றர் பிடித்தது யாரைத் தெரியுமா? எந்த வம்புக்கும் போகாத பவளம் அன்ரியை! அவருடைய ரொய்லட் சிஸ்ரன் தொட்டியிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்து கொண்டிருந்திருக்கிறது. எத்தனை காலமாகவோ, யார் கண்டார்? உள்ளே ஒரு ரப்பரை மாற்றியதும் கீழே மோட்டர் ஓடும் சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. அன்ரிக்கு ஒரே வெட்கம். "தம்பி, இவ்வளவு நாளும் எல்லாற்ற தண்ணியையும் நான்தானோ ஊத்திக்கொண்டிருந்தனான்?" என்று ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். கையில் ஒரு தட்டு வடையோடு.

இந்தக் கதையைக் கேட்ட சுபா, "அண்ணா, அந்த அப்பை என்ர போனிலயும் போட்டுத் தாங்கோவன்" என்றாள். போட்டுக் கொடுத்தேன். தனியாக இருக்கும் தாய், தூரத்தில் மகள். இதைவிட நல்ல காரியம் என்ன இருக்கிறது?

அப்புறம் பார்த்தால் சுபா அம்மாவின் நாளைத் தண்ணீரிலேயே வாசிக்கத் தொடங்கிவிட்டாள். விடியற்காலை கொஞ்சம் போனால் முகம் கழுவியாயிற்று. பிறகு நிறையப் போனால் குளியல். சின்னச் சின்னதாகப் போனால் சமையல். "அம்மா இண்டைக்கு உடுப்புத் தோய்ச்சிருக்கிறா அண்ணா, பாத்தனீங்களோ?" என்று எனக்கு மெசேஜ் வரும், கூடவே ஒரு இதயம். எவ்வளவு பாசம் என்று என் மனைவியிடம் நான் புகழ்ந்து தள்ளினேன்.

அந்தப் பாசம்தான் அன்று அலறியது. மீற்றர் அசையவே இல்லையாம். அம்மா போனையும் எடுக்கவில்லையாம். "ஒருக்கா மேல போய்ப் பாருங்கோ அண்ணா... களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணுமெண்டா உடனே கொண்டு போங்கோ." குரல் உடைந்துவிட்டது. லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி ஓடினேன்.

கதவைத் திறந்தார் அன்ரி. குளித்து, விபூதி பூசி, பளிச்சென்று நின்றார்.

"என்ன தம்பி, வாயெல்லாம் நுரை?"

விஷயம் வேறொன்றுமில்லை. முதல் நாள் நீர்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள் அல்லவா? அன்ரி வாளி, பேசின், பரல், பிரஷர் குக்கர் எல்லாவற்றிலும் நிரப்பி வைத்துவிட்டார். பிறகு வெட்டு இல்லையென்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் என்ன செய்தோம்? நிரப்பியதையெல்லாம் கொண்டுபோய்ப் பல்கனியில் ஊற்றிக் கழுவினோம். தண்ணீர் இல்லாமல் போகும் என்ற பயத்தில் நாங்கள் வீணாக்கும் தண்ணீருக்கு ஒரு மீற்றர் பூட்டினால் அது வெடித்துவிடும்! அன்ரிக்கு மட்டும் ஊற்ற மனம் வரவில்லை. பரலில் இருந்ததை அள்ளிக் குளித்திருக்கிறார். போன் அறைக்குள் சார்ஜில் கிடந்தது. சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தவருக்குக் கேட்கவில்லை.

என் போனிலேயே சுபாவை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கம் அழுகை, பிறகு ஏச்சு, பிறகு சிரிப்பு. பேத்தி நித்திரையால் எழும்பி வந்து வீடியோவில் முகம் காட்டினாள். அன்ரி பேசிக்கொண்டே இருந்தார். போனை விட்டுவிட்டு வர முடியாமல் நான் கதிரையில் இருந்து நுரை வாயோடு சிரித்துக்கொண்டிருந்தேன். அன்ரியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இந்தப் புதன்கிழமை காலை. குளித்துவிட்டு வந்து போனைப் பார்த்தால் எச்சரிக்கை. 'இன்று இதுவரை நீர்ப் பாவனை இல்லை.' பவளம் அன்ரி வீடு! இந்த முறை நீர்வெட்டு அறிவிப்பு எதுவும் கிடையாது. மறுபடி படி, மறுபடி ஓட்டம்.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. அன்ரி வரவேற்பறையில் இருந்தார். நல்ல சேலை. பக்கத்துச் சின்ன மேசையில் ஒரு கோப்பை தேநீர். அதற்குப் பக்கத்தில், முகம் மேலே பார்க்க, போன்.

குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். வாளிகள் வரிசையாக, தளும்பத் தளும்ப. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு மூடி.

"அன்ரி, இண்டைக்கும் நீர்வெட்டோ?"

"ஓம் தம்பி." அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு மட்டும்."

நான் வாளிகளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இரும் தம்பி, சொல்லுறன்" என்றார். "முந்தி அவள் ஒவ்வொரு நாளும் படுக்கமுந்தி எடுப்பாள். எழும்பியாச்சோ, குளிச்சாச்சோ, என்ன சமையல் எண்டு கேப்பாள். நான் சொல்லுவன். அப்பிடியே கதை எங்கயோ போயிடும். இந்த மீற்றர் வந்தாப்பிறகு அவளுக்கு எல்லாம் தெரியுது. தெரிஞ்சதை ஏன் கேப்பாள்? ஒரு தம்ஸ்-அப் மட்டும் வரும்."

"நீங்கள் எடுக்கலாம்தானே?"

"எடுத்தனான். 'என்னம்மா, ஏதும் அவசரமோ?' எண்டு கேட்டாள். அவசரம் ஒண்டும் இல்லையே, தம்பி. அதோட, நான் எடுத்தா அது நான் எடுத்தது. அவள் எடுத்தாத்தான் அது அவள் எடுத்தது."

பவளம் அன்ரி யாரென்று நினைக்கிறீர்கள்? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் உலகத்துக்கெல்லாம் ட்ரங்க் கோல் இணைத்துக் கொடுத்தவர். அவருக்கு இப்போது ஒரு இணைப்புக் கிடைக்க வாளி வேண்டியிருக்கிறது.

"பாவம் அன்ரி, பிள்ளை பயந்துபோவாள்" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே.

"ஓம், பாவம்தான். அதுதான் பக்கத்திலயே இருக்கிறன். முதல் மணிக்கே எடுத்திடுவன். கன நேரம் பயப்பட விடமாட்டன்." சொல்லி முடிக்கவில்லை — போன் அடித்தது. சொன்னபடியே முதல் மணியில் கை போய்விட்டது.

"ஓம் பிள்ளை... எனக்கு ஒண்டுமில்லை... குளிச்சனான், பரல்ல இருந்த தண்ணி... நீ சாப்பிட்டியோ?"

அந்த 'சாப்பிட்டியோ'வைக் கேட்டதும் எழும்பிவிட்டேன். மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். லிஃப்டில் இறங்கினால் யாராவது முகத்தைப் பார்த்துவிடுவார்கள் என்று படியிலேயே இறங்கினேன்.

மீற்றரில் எந்தப் பிழையும் இல்லை, நண்பர்களே. ஒரு சொட்டு அதிகம் போனாலும் சொல்கிறது, போகாவிட்டாலும் சொல்கிறது. எங்கள் தாங்கி இப்போது வற்றுவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம்கூடச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஒரு தாய் குளித்தாளா என்று தெரிந்துகொள்வது ஒரு விஷயம், குளித்தாயா என்று கேட்பது வேறு விஷயம். அப்பை நிறுவிக் கொடுத்த எனக்கே இது இப்போதுதான் உறைக்கிறது. என் அம்மா இன்னும் ஹெந்தளையில் தம்பி வீட்டில் இருக்கிறார். கடைசியாக எப்போது எடுத்தேன்?... எழுதுவதை நிறுத்திவிட்டு எடுத்தேன். "என்ன அவசரமோ?" என்றார்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கட்டடத்திலேயே ஆகக் குறைவாகத் தண்ணீர் பாவிக்கும் வீடு இப்போது பவளம் அன்ரியுடையதுதான். வாளியில் அள்ளிக் குளிப்பவருக்கு வேறெப்படி இருக்கும்? அடுத்த கூட்டத்தில் அவரை எழுப்பி, சிக்கனத்தின் ரகசியத்தைச் சொல்லச் சொல்லப் போகிறார்களாம்.

நேற்றுப் போய்க் கேட்டேன். "அன்ரி, இதைப் பத்தியில எழுதட்டோ?"

"பேரை மாத்தி எழுதும்."

மாற்றிவிட்டேன். "ஆனா சுபா இதை வாசிக்கிறவள். அவளுக்கு விளங்கிப்போகும்" என்றேன்.

அன்ரி சிரித்தார்.

"விளங்கினா எடுப்பாள். விளங்காட்டி என்ன தம்பி, என்னட்ட வாளி இருக்குத்தானே."