போத்தலின் அடியில் நின்ற தண்ணீர்

வண்டியைத் திருத்துவதற்காக நான் ஏறாவூருக்குப் போகவில்லை. சாட்சி தேடிப் போனேன். என் தங்கையின் புருசன் என் பிக்கப்பின் டீசலைக் களவாக விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுகிறான் என்று, பெரியகல்லாற்றுத் துறையில் நண்டு நிறுக்கிற நேரம் பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் நான் சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. "நான் செய்யல்ல மச்சான்" என்று ஒரேயொரு முறை சொன்னான். சாவியை என் கையில் தந்துவிட்டு வீட்டுக்கு நடந்தான். அன்றிலிருந்து தங்கையும் எனக்குத் தொலைபேசி எடுப்பதில்லை.

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திவிடும். பிறகு அந்த வாய் சொன்னது சரிதான் என்று காட்ட, கை கால் எல்லாம் ஓடித் திரியும். இப்போதும் அப்படித்தான் ஓடினேன்.

நண்டும் இறாலும் வாங்கி மட்டக்களப்புக்குக் கொண்டுவருவது என் தொழில். பதினைந்து வருசமாக மச்சான்தான் வண்டி ஓட்டினான். பழைய டீசல் வண்டி. காலையில் ஸ்டார்ட் எடுக்க அடம்பிடித்தது. எடுத்தால் வெள்ளைப் புகை. கல்லடிப் பாலத்தில் ஏறும்போது இழுவையே இல்லாமல் இருமியது. மச்சானுக்கு மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டிய சின்னத் தோணி ஒன்றும் இருந்தது. அவனுடைய சட்டையில் எப்போதும் அந்த மணம். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஏறாவூரில் டீசல் பம்பும், எஞ்சினுக்குள் டீசலைத் தூவுகிற நொசிலும் மட்டும் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். அறுபது வயது இருக்கும். முஸ்லிம் பெரியவர், எங்கள் எல்லாருக்கும் 'நானா', அண்ணன். வண்டியை அவருக்கு முன்னால் நிறுத்தியதுமே சொன்னேன்.

"நானா, இதுல மண்ணெண்ணெய் கலந்திரிக்கி. அத மட்டும் உறுதியாச் சொல்லுங்க."

"முடிவ நீங்களே சொல்றீங்க எண்டா நான் என்னத்துக்கு, தம்பி?"

எஞ்சினை ஓடவிட்டு, நொசில்களுக்குப் போகும் நான்கு குழாய்களின் நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். முதலாவதைத் தளர்த்தியதும் எஞ்சின் சத்தம் நொண்டியது. இறுக்கினார். "இவன் வேலை செய்யிறான்." இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தினார். டீசல் பீச்சியது, சத்தத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. "இவன் சும்மா இருந்து திண்டிரிக்கான்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவன் சும்மா இருந்து தின்னக் காரணம் யார் என்றுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

அந்த நொசிலைக் கழற்றி, கையால் அழுத்துகிற சோதனைப் பம்பில் பூட்டி அழுத்தினார். பனிபோலத் தூவவேண்டிய எண்ணெய், சளி பிடித்த பிள்ளையின் மூக்குப்போல ஒழுகியது. உள்ளே இருந்த ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மண்நிறப் புள்ளிகள்.

"மண்ணெண்ணெய் எண்டா ஊசி காஞ்சி உராய்ஞ்சி கோடு விழும். இது துரு."

"அப்ப மண்ணெண்ணெயோட தண்ணியும் ஊத்தியிருப்பான்" என்றேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவர் வடிகட்டிக்குக் கீழே இருந்த திருகைத் திறந்து, ஒரு ஜாம் போத்தலில் எண்ணெயை இறக்கினார். மோந்து பார்த்தார். தனி டீசல் என்றார். ஐந்து நிமிசம் ஆடாமல் வைத்தோம். மேலே டீசலும் கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீருமாகப் பிரிந்து நின்றது. தண்ணீர் சேர்ந்தால் எரியவேண்டிய சிவப்பு விளக்கு என் வண்டியில் நான் வாங்கும்போதே செத்துப்போயிருந்தது. அவர் ஒரு உறிஞ்சு குழாயை அடிவரை விட்டு, ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்பு. மழைத் தண்ணி எண்டா இப்பிடிக் கரிக்காது. வாவித் தண்ணி எப்பிடித் தம்பி தாங்கிக்குள்ள போன?"

அவர் கேட்டு முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நாடே டீசலுக்கு வரிசையில் காய்ந்த காலத்துக்குப் பிறகு, வீட்டில் இரண்டு கேன் டீசல் இல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. வெறுமையான கேனைத் துறைக்குக் கொண்டுபோய், கடலோடு கலக்கிற வாவியின் தண்ணீரை அள்ளி நன்றாகக் கழுவி, கவிழ்த்து வைத்து, மறுபடி நிரப்பி, அதைத்தான் வண்டிக்கு ஊற்றுவேன். கவிழ்த்தாலும் மூலையில் ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கும் என்று நினைக்கவே இல்லை. மச்சானைக் கேனில் கைவைக்க விடமாட்டேன். அவன் ஊத்தையாக வைப்பானாம். அந்த வரிசைக் காலத்தில் இதே வண்டிக்காக இரண்டு நாள் வெயிலில் நின்றவன் அவன். நான் வீட்டில் இருந்தேன்.

வண்டி சரியானதும் பெரியகல்லாற்றுக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனம். நான் பிறந்த வீடு இப்போது தங்கையின் வீடு. அவள் கதிரை ஒன்றை இழுத்து வைத்து, "இருங்க" என்றாள். "இரி அண்ணன்" என்றுதான் எப்போதும் சொல்வாள். நான் இருக்கவில்லை. முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மச்சானிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"கேன் கழுவின நான்தான் மச்சான். பிழை என்ட. நாளைக்குத் துறையில வச்சி எல்லாருக்கும் சொல்றன்."

"சொல்லு" என்றான். இரண்டு கண்ணி பொத்தி முடித்தான். பிறகுதான் நிமிர்ந்தான்.

"அந்த நானா நாக்குல வச்சிப் பாக்காம விட்டிருந்தா, நான் இன்னமும் கள்ளன்தானே மச்சான்?"

தங்கை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் துறையில் சொன்னேன். அன்றைக்குக் கத்திய அதே சத்தத்தில் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள், சிலர் நண்டை நிறுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு மாதம் கழித்து மச்சான் வேலைக்கு வந்தான். பிள்ளைகள் படிக்கிறார்கள், தோணி மட்டும் போதாது. இப்போது வண்டி பாலத்தில் இருமாமல் ஏறுகிறது. நான் பக்கத்தில் இருக்கிறேன். இறால் விலை பேசுகிறோம், மழை பேசுகிறோம். அவன் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஓம் என்பதுதான் பதில் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.