அதே பதினொரு நிமிடம்

இன்று செவ்வாய். காலை 10.40 முதல் 10.51 வரை, பதினொரு நிமிடம், காரைக்குடி ஜவுளிக்கடை ஒன்றின் லிஃப்டில் ஓர் அம்மா தனியாகச் சிக்கியிருந்தார்.

நான் லிஃப்ட் மெக்கானிக். கடையிலிருந்து போன் வந்தபோது சாலையின் எதிர்ச் சாரி டீக்கடையில் இருந்தேன். "அஞ்சு நிமிஷத்துல வாரேன்" என்றேன்.

கதவைத் திறந்தால், வியர்வையில் நனைந்து நிற்கிறார். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் கொத்தமங்கலத்திலிருந்து வந்தவர்.

"ஒரு மணி நேரமாக் கத்துறேன் தம்பி. எங்குட்டுப் போனீக?"

எனக்குத் தப்பான கணக்கு பிடிக்காது. பேனலில் பதிவான நேரத்தை எல்லார் முன்னாலும் காட்டினேன். "பதினோரு நிமிஷந்தாம்மா."

கடையே சிரித்தது. "எங்கம்மா எப்பவும் இப்படித்தாண்ணே" என்றாள் கூட வந்திருந்த மகள்.

அந்த அம்மா தலை குனிந்துகொண்டார். "எனக்கு அப்புடித் தோணிருச்சு. கோவிச்சுக்கிறாதீக."

வண்டியில் ஏறியபிறகுதான் உறைத்தது. டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அதே பதினொரு நிமிடம் எனக்கு ஐந்தாகத் தெரிந்திருக்கிறது. இருவர் கணக்கும் தப்பு. அவரை மட்டும் திருத்தினேன்.

இனி:

1. போன் வந்தால் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடுவது.

2. உள்ளே இருப்பவரோடு போனில் பேசிக்கொண்டே வருவது.

3. சனிக்கிழமை அம்மாவும் மகளும் பிளவுஸ் வாங்க வருகிறார்களாம். சிரித்தவர்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்பது. அதை எப்படி ஆரம்பிப்பது? பழக்கமுள்ளவர்கள் சொல்லுங்கள்.