எல்லாப் பந்தும் ஷீலாவுக்கு

கடற்கரை வாலிபாலில் யார் விளையாட வேண்டும் என்பதை எதிரணிதான் முடிவு செய்கிறது. ஒரு பக்கத்துக்கு இரண்டே பேர். சர்வீஸ் யாரிடம் வருகிறதோ அவர் அதை எடுக்க வேண்டும். கூட்டாளி தூக்கிக் கொடுக்க, எடுத்தவரே ஓடிவந்து அடிக்கவும் வேண்டும். ஆகவே புத்தியுள்ள எந்த ஜோடியும் எதிரே நிற்கும் இருவரில் மட்டம் யார் என்று பார்த்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை அந்த ஒருவருக்கே போட்டுக்கொண்டிருக்கும். இதில் கொடுமை ஒன்றும் இல்லை. பஸ்ஸில் ஒல்லியானவர் பக்கத்தில் இடம் பார்த்து உட்காருவது போன்ற சாதாரண விவேகம்தான்.

ஷீலா ஐந்தடி இரண்டங்குலம். பத்து வருஷத்துக்கு மேல் அத்தனை சர்வீஸும் அவளுக்கே வந்தது.

கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் பிறந்து, மாநகராட்சிப் பள்ளியில் வாலிபால் கற்றவள். விளையாட்டு விடுதித் தேர்வில் மூன்று முறை சுவரோடு நிற்கவைத்து அளந்தார்கள். மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்கள். கடைசியாக அளந்தவர், "நல்லாத்தான் ஆடுற. ஆனா நெட்டு உனக்காக எறங்கி வராதேம்மா" என்று நியாயமாகவே சொன்னார். ஆறு பேர் ஆடும் அணியில் பெஞ்ச் என்று ஒன்று உண்டு. அதில் இரண்டு வருஷம் உட்கார்ந்தாள். பிறகு கடற்கரைக்கு வந்தபோது அவளுக்குப் பிடித்துப்போனது கடலும் அல்ல, மணலும் அல்ல. இங்கே மாற்று ஆட்டக்காரர் கிடையாது என்பதுதான்.

ஜோடியாகக் கிடைத்தவள் மெஹக். மயிலாப்பூரில் பள்ளிச் சீருடை தைக்கும் ஷரீஃபின் மகள், ஐந்தடி பதினோரு அங்குலம். பக்கத்தில் நின்றால் குட்டையாகத் தெரிவோம் என்று அவளோடு கல்லூரியில் ஒருத்தியும் சேரவில்லை. ஷீலாவுக்கு அந்தக் கவலை இல்லை. அவள் யார் பக்கத்தில் நின்றாலும் அப்படித்தான் தெரிவாள்.

பெசன்ட் நகரில் முதல் போட்டி. எதிர்ப்பக்கம் நின்றவள் மறைக்கக்கூட இல்லை. "குள்ளச்சிக்கே போடு மச்சி. நெட்டச்சியாண்ட போவாத."

போட்டார்கள். ஷீலா முழங்காலில் விழுந்தாள், முகங்குப்புற விழுந்தாள், தோற்றாள். அந்த வருஷம் முழுக்கத் தோற்றாள். ஆனால் ஏளனத்தைப் போல ஒரு பயிற்சியாளர் கிடைப்பது அரிது: லீவு போடாது, சலிக்காது, தவறு எங்கே இருக்கிறதோ அங்கேயே குறிவைக்கும். மூன்றாம் வருஷம் அவள் எடுக்காத சர்வீஸ் இல்லை என்றாயிற்று. ஓங்கி அடிக்க உயரம் போதாததால், ஆள் இல்லாத இடத்தைப் பார்த்து வைக்கக் கற்றாள். ஐந்தாம் வருஷம் மாநிலப் பட்டம். அதன்பின் இன்னும் நான்கு முறை. நடுவில் ஒருமுறை தேசியப் பட்டமும். ஆற்றோரக் குடிசைகளை அகற்றி, குடும்பத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றியபோதும் முதல் பஸ் பிடித்துப் பட்டினப்பாக்கம் மணலுக்கு வந்துகொண்டுதான் இருந்தாள்.

இந்த வருஷம் ஜனவரியில் மாநில இறுதியாட்டம். எதிரே ரத்னா என்ற புதுப் பெண்ணும் அவள் கூட்டாளியும். ரத்னாவின் முதல் சர்வீஸ் மெஹக்கிடம் போனது. காற்று தள்ளிவிட்டது என்று ஷீலா நினைத்தாள். இரண்டாவதும் மெஹக்கிடமே போனது. ஐந்தாவதில்தான் விஷயம் புரிந்தது. தன்னைக் கண்டு ஒருத்தி பயப்படுகிறாள்.

இத்தனை வருஷம் கழித்து வந்த மரியாதை. அது வந்த அன்றே குடியைக் கெடுத்தது. மெஹக்குக்கு சர்வீஸ் எடுக்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. நெட்டருகில் எதிரணியின் அடியை பிளாக் செய்து தடுப்பதில் அவள் ஒரு சுவர். பின்னால் வந்தால் சுவருக்கு என்ன வேலை? அவள் கையில் பட்ட பந்து சுண்டல் கடைப் பக்கம் போனது, நடுவர் நாற்காலிப் பக்கம் போனது, ஷீலாவிடம் மட்டும் வரவில்லை. ஒன்பதுக்கு இருபத்தொன்று, பதினொன்றுக்கு இருபத்தொன்று. தமிழ்நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரி அந்த ஆட்டத்தில் பெரும்பாலும் பார்வையாளராக இருந்தாள்.

தேர்வுக்குழுவில் இருந்த ஜெயஸ்ரீ மேடம் மறுநாளே கூப்பிட்டனுப்பினார்.

"மெஹக் நல்ல பொண்ணுதாம்மா. ஆனா இனிமே எல்லாரும் அவளுக்குத்தான் போடுவா. அவளை வெச்சுண்டு நேஷனல்ஸ்ல என்ன பண்ணப்போறே? ரத்னாவோட சேந்துக்கோ."

"அவதான மேடம் எங்கள தோக்கடிச்சா."

"அதனாலதானே சொல்றேன்."

வாதம் சரியாகத்தான் இருந்தது. ஷீலா தவணை கேட்டாள். "மூணு வாரத்துல செலக்சன் மேட்ச் கீதுல்ல மேடம். அதுல ஜெயிச்சா நாங்களே போறோம். தோத்தா நீங்க சொல்றத கேக்கறேன்."

இதை நட்பு என்று சொல்லலாம். ஷீலா அப்படிச் சொல்லவில்லை. "புச்சா ஒருத்தி குணத்த இந்த வயசுல யாரு கத்துக்கினு கெடப்பா" என்றுதான் அம்மா தாயம்மாவிடம் சொன்னாள். ஆனால் சுவரோடு நிறுத்தி அளந்து அனுப்புவது எப்படியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் மெஹக்கைக் கோர்ட்டின் பின்கோட்டில் நிறுத்தி, எதிர்ப்பக்கம் போய் சர்வீஸ் போட ஆரம்பித்தாள். தினம் முன்னூறு.

"கை ரெண்டும் வீங்கிப்போச்சுடி" என்றாள் மெஹக் நான்காம் நாள். "நீ சினேகிதியா, சக்களத்தியா?"

"எனக்கு எத்தினி வருசமா வீங்கிச்சு. அப்ப நெட்டாண்ட நின்னு வேடிக்கதான பாத்த?"

"அரே, நான் பிளாக் பண்ணேன்."

"பண்ண, பண்ண. இப்ப குனி."

"குனிஞ்சா இடுப்பு புடிக்குது."

"அம்மாம் ஒசரம் வளரச் சொன்னது யாரு?"

இரண்டு வாரத்தில் மெஹக் தேறிவிட்டாள். அப்போதுதான் கோளாறு வேறிடத்தில் இருப்பது தெரிந்தது. பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்களை எதிரே நிறுத்தி ஆடிப் பார்த்தார்கள். இருவருக்கும் நடுவில் பந்து வந்தால் ஷீலா பாய்ந்தாள். மெஹக்குக்கு ஓரடி தள்ளி வந்தாலும் பாய்ந்தாள். அடுத்தவள் இடத்துக்கு ஓடி எடுக்கிற பந்து நேராகப் போவதில்லை. தூக்கிக் கொடுக்கவும் ஆள் இருப்பதில்லை. மூன்றாவது மோதலில் மெஹக்கின் உதடு கிழிந்தது.

மெஹக் கத்தவில்லை. மணலைத் துப்பிவிட்டு, "நீ மேடம்கிட்ட என்ன சொன்னேன்னு தெரியும்" என்றாள். "அவங்கதான் என்னை நம்பலைன்னு நெனச்சேன்."

"நம்பிக்க இல்லாம இல்ல. பந்து வந்தா காலு தானா போவுது. நான் இன்னா பண்றது?"

"நான் 'மை'னு கத்தினா அது என் பந்து, நீ நிறுத்து. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். கடைசி வாரம் முழுக்க ஷீலா செய்த பயிற்சி ஓடாமல் இருப்பது. அவள் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் கற்றதில்லை. நடுவில் இருபது பந்து போடச் சொன்னால் பதினொன்றுக்கு நின்றாள், ஒன்பதுக்குப் பாய்ந்தாள். வீட்டில் தாயம்மா சோறு போட்டபடி கேட்டாள்.

"இன்னாடி கத்துக்கினே இன்னிக்கி?"

"சும்மா நிக்கிறதுக்கு."

"அதுக்கா மொத பஸ்சு? இங்கியே நிக்கலாம்ல, தண்ணி லாரி வருது."

தேர்வு ஆட்டமும் பெசன்ட் நகரில்தான். எதிரே மறுபடியும் ரத்னா. முதல் சர்வீஸ் மெஹக்குக்கு, அடுத்ததும், அதற்கடுத்ததும். இந்த முறை பந்து சுண்டல் கடைக்குப் போகவில்லை. மெஹக் எடுத்தாள், ஷீலா தூக்கிக் கொடுத்தாள், மெஹக் அடித்தாள். முதல் செட்டை இழந்தார்கள். இரண்டாவதை இரண்டு புள்ளியில் பிடித்தார்கள். ஷீலா அதுவரை அடித்தது மொத்தம் நாலு பந்து. முன்பெல்லாம் நாலு நிமிஷத்தில் அவ்வளவு அடிப்பாள். கோர்ட்டின் ஓரத்தில் குடைக்குள் உட்கார்ந்திருந்த ஜெயஸ்ரீ மேடம் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

மூன்றாவது செட், பதினைந்துக்கு. பதினான்கு–பதின்மூன்று, இவர்கள் முன்னால். சர்வீஸ் ரத்னாவிடம்.

ரத்னா முட்டாள் இல்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பந்தைச் சுழலவிடாமல், காற்றில் தள்ளாடும்படி நடுவில் போட்டாள். சரியாக நடுவில்கூட இல்லை. ஒரு சாண் ஷீலா பக்கம். இந்த மாதிரிப் பந்துகளை விடாததால்தான் அவள் பட்டமெல்லாம் வாங்கியிருந்தாள். கால் ஓரடி போய்விட்டது.

"மை" என்றாள் மெஹக்.

ஷீலா குதிகாலை மணலில் புதைத்து நின்றாள். உடம்பின் மேற்பாதி பந்தின் பக்கம் சாய்ந்தது. அதையும் பின்னுக்கு இழுத்தாள். பந்து அவள் முழங்கைக்குப் பக்கத்தில் கடந்து போவதைப் பார்த்தாள்.

மெஹக் ஐந்தடி பதினொன்றையும் மடித்துக் குனிந்து எடுத்தாள். பந்து கொஞ்சம் பின்னால் எழும்பியது. ஷீலா ஓடினாள், இப்போது ஓடலாம். அடியில் போய்ச் சேர்ந்து, நெட்டுக்கு மேலே உயரமாகத் தூக்கிவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்தாள். பந்தையே பார்த்து ஓடிவருகிறவளுக்கு அந்தப் பக்கம் எது காலி என்று தெரியாது. கூட்டாளிதான் சொல்ல வேண்டும். பிளாக்குக்கு வந்தவள் உள்பக்கம் கையை விரித்திருந்தாள். ரத்னாவும் உள்பக்கம் சாய்ந்திருந்தாள்.

"லைன்" என்றாள் ஷீலா.

மெஹக் திரும்பிப் பார்க்காமல் ஓரமாக அடித்தாள். பந்து கோட்டுக்கயிற்றுக்கு உள்ளே விழுந்து மணலைக் கிளப்பியது. நடுவர் கையை இவர்கள் பக்கம் நீட்டினார். குடைக்குள் ஜெயஸ்ரீ மேடம் எழுத ஆரம்பித்தார்.

மெஹக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்தாள். "அது உன் பக்கம் வந்ததுதானே? ஏன் விட்டே?"

"நீ கேட்டல்ல" என்றாள் ஷீலா.