முன்னோக்கி நகரும் நடவுப் பெண்கள்

காலை 6.10க்கு நீடாமங்கலத்தில் பேருந்து ஏறினேன். தஞ்சாவூர் வரை முப்பது கிலோமீட்டர். சாலையோரம் நட்ட வயல்கள் இருபத்தேழு, தரிசு நாற்பத்தொன்று. புரட்டாசி பிறந்தும் வாய்க்காலில் தண்ணீர் இல்லை.

சிங்கப்பூரில் சீனர்களின் நிலாத் திருவிழா விளக்குகளைப் பார்க்கப் போவதாக ஊரில் சொல்லியிருந்தேன். உண்மையில் மகன் இளங்கோவை அழைத்துவரப் போனேன். எங்கள் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், மடத்துப் பண்ணையாளாக இருந்த என் அப்பா அடிவாங்கிப் போராடிக் குத்தகைக்குப் பதிந்தது. குடும்பத்தில் இப்போது உழுகிறவர் இல்லை, நிலத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று மடம் மனுப் போட்டிருக்கிறது. எனக்கு எழுபத்திரண்டு வயது. சேற்றில் கால் நிற்பதில்லை. இருபத்தொரு நாளுக்குள் மகன் தாசில்தார் முன் நின்று, நிலத்தில் இறங்கிப் பயிர் செய்வேன் என்று சொல்ல வேண்டும்.

11.40க்குத் திருச்சியில் விமானம். பக்கத்து இருக்கையில் கூத்தாநல்லூர்க்காரர். சிங்கப்பூரில் துணிக்கடை வைத்திருக்கிறார்.

“விளக்குப் பாக்கவா இவ்வளவு தூரம் போறீங்க? நம்மூர்ல கட்சி மாநாடுன்னா ஆறு மைலுக்கு சீரியல் செட் போடுறானே!”

“அது தலைவர் முகம் தெரியறதுக்கு.”

“அங்க நிலா தெரியும் சார். பில்டிங் வழி விட்டா!”

மறுநாள் மாலை 7.45, சைனாடவுன். பட்டுத்துணி போர்த்திய மீன், முயல், தாமரை விளக்குகள் தெருவுக்கு மேலே ஆடின. அறுநூற்றுப் பத்து வரை எண்ணி விட்டுவிட்டேன். உப்பு முட்டைக் கரு வைத்த நிலாக் கேக் ஒன்று பன்னிரண்டு டாலர், எனக்கு இறங்கவில்லை. சாலை நடுவில் ஐம்பதடி நீளத்துக்கு ஒரு வயல்! இரண்டு எருமை, ஒன்பது நடவுப் பெண்கள். அவர்கள் குனிந்து நட்டபடி நகர்வதுபோல விளக்குகள் மாறி மாறி எரிந்தன.

“இந்த வயல் முழுக்க நான் வயர் இழுத்ததுப்பா. பதினெட்டு நாள்,” என்றான் இளங்கோ.

அழகாகத்தான் இருந்தது. பிறகு கவனித்தேன்.

“நட்ட நாத்த மிதிச்சிக்கிட்டே போறாங்களேடா.”

“மிதிக்கிறாங்களா? எங்கப்பா?”

“நடவு நடுறவங்க முன்னாலயா போவாங்க?”

ஒன்பது பெண்களையும் ஒருமுறை பார்த்தான். “பின்ன... சைடுலயாப்பா?”

பின்னோக்கித்தான் போவார்கள். இவன் அம்மா முப்பத்தொரு வருடம் அப்படிப் போனவள். மடத்து வக்கீல் முதல் கேள்வியாக இதைக் கேட்டால் போதும்.

மனு விவரம் முன்பே தெரிந்த அவனுக்கும் அது புரிந்துவிட்டது. “ஒரு வாரம் லீவு போட்டு வர்றேன்ப்பா. என்ன சொல்லணும்னு எழுதிக் குடுங்க, மனப்பாடம் பண்ணிடறேன்.”

“வேணாம்ப்பா,” என்றேன். எட்டு நாள் இருக்க வந்தவன் நான்காம் நாளே கிளம்பினேன்.

அங்கே துணி வயலுக்கு விடிய விடிய மின்சாரம். நீடாமங்கலத்தில் இறங்கியபோது கரண்டு இல்லை. மறுநாள் தாலுகா ஆபீசில், பதில் மனுவில் பயிர் செய்யும் வாரிசு என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் இரண்டு தடவை படித்தார்.

“ஐயா, உங்களுக்கு மகன் இருக்காருல்ல?”

“இருக்கான். நல்லா இருக்கான்.”