தொங்கும்போது இறுக்கிய போல்ட்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட அது நல்லது. முப்பத்தொரு வருடம் லொறிகளுக்கு அடியில் படுத்து எழுந்தவன் நான். அப்படியிருந்தும் ஒரு ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை எந்த நேரத்தில் இறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாமல் போனதையாவது மன்னிக்கலாம். தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டினார். நான் சிரித்தேன்.

1. மாஸ்டரின் கார்

என் கராஜ் பாலாவியில் இருக்கிறது. உப்பு லொறியும் சீமெந்து லொறியும்தான் வாடிக்கை. அவற்றின் ஸ்பிரிங் புஷ், அதாவது ஸ்பிரிங்கின் கண்ணுக்குள் போல்ட்டைச் சுற்றி இருக்கும் வளையம், உலோகத்தில் வரும். அடித்து ஏற்றி, போல்ட்டைப் போட்டு, ஸ்பனரின் பிடியை நீட்ட ஒரு குழாய் செருகி, இரண்டு பேர் தொங்கி இறுக்கி, கிரீஸ் அடித்து அனுப்பினால் முடிந்தது. உப்புத் தண்ணீர் தின்றுவிட்டால் திரும்ப வரும். எனக்குத் தெரிந்த இறுக்கம் அது ஒன்றுதான்.

சிவநேசன் மாஸ்டர் சிலாபத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவரிடம் என்னைவிட வயது கூடிய ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டு சீட், பச்சை நிறம், கூரை இல்லை. கறள் பிடித்த தளத்தை வெட்டி ஒட்டி, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, மூன்று வருடமாகத் திருத்திக்கொண்டிருந்தார். பின்பக்க ஸ்பிரிங் புஷ் மட்டும் மிச்சம். பழையவை காய்ந்த பாண் ரொட்டியின் கரை மாதிரி உதிர்ந்தன. புதியவை இங்கிலாந்திலிருந்து நான்கு மாதம் கழித்து வந்தன. ஒரே ஒரு செட். பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னார்.

விஷயம் அவருடைய மனைவி. அவரும் ஆசிரியை, ஊருக்கே டீச்சர். கார் வாங்கிய புதிதில் ஒரு தடவை மாதம்பை வரை அதில் போய் வந்து, முதுகு பிடித்து இரண்டு வாரம் படுத்தவர், பிறகு அதில் ஏறவேயில்லை. இப்போது ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை காலை முன்னேஸ்வரம் கோயிலுக்கு அதில் வருவார். முதுகு நொந்தாலோ பின்னால் சத்தம் கேட்டாலோ, பஸ்ஸில் திரும்புவார். கார் அடுத்த நாளே நீர்கொழும்பில் கேட்டுக்கொண்டிருக்கும் ஆளுக்குப் போய்விடும்.

"மூண்டு வருசம், நிஸ்தார்" என்றார் மாஸ்டர்.

2. செவ்வாய்க்கிழமை

முதல் சிக்கல் பிட். லொறிக்கு வெட்டிய குழி அது. இந்தக் காரை அதற்கு மேலே விட்டால் இரண்டு பக்கச் சில்லும் உள்ளே விழும். ஆகவே ஜக் அடித்து, காரின் செசிச் சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்ட் வைத்தேன். அக்சலும் சில்லுகளும் அந்தரத்தில் தொங்கின. ஸ்பிரிங்கைக் கழற்றி, பழைய புஷ்ஷின் இரும்பு வளையத்தை ஹக்சோ பிளேட்டால் உள்ளிருந்து அறுத்து எடுத்து, புதியதைப் பிரஸ்ஸில் வைத்து ஏற்றினேன். அழகான வேலை. இதுவரைக்கும் என்னில் பிழை இல்லை.

கிரீஸ் கன்னைத் தூக்கினேன். மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போகும் என்றார். சரி, வைத்துவிட்டேன். போல்ட்டைப் போட்டுக் குழாயை எடுத்தபோது அவர் காரின் மனுவல் புத்தகத்தைத் திறந்தார்.

"நிஸ்தார், வாகனத்தின்ட பாரம் சில்லில இருக்கேக்கதான் கடைசியா இறுக்கணும் எண்டு இதில போட்டிருக்கு."

"மாஸ்டர், இது பத்துத் தொன் உப்புக்கு இறுக்கின கை. புத்தகம் எழுதினவன் பாலாவி ரோட்டைக் கண்டிருக்க மாட்டான்" என்று சிரித்தேன்.

குழாயில் தொங்கினேன். நட் இனிமேல் அசையாது என்றவுடன் எனக்கு வரும் அந்தத் திருப்தியும் வந்தது. காரை இறக்கினேன். பின்பக்கம் முட்டையிட எழும்பிய கோழி மாதிரித் தூக்கிக்கொண்டு நின்றது. புதுசுதானே, அமர்ந்துவிடும் என்றேன். மாஸ்டர் விரலால் அளந்தார். நான்கு விரல் உயரம்.

கற்பிட்டி வீதியில் ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் கிறீச். மூன்றாவது பள்ளத்தில் என் தொப்பி பறந்து வேலியில் விழுந்தது. அதை எடுத்து வந்தபோது மாஸ்டர் மனுவலின் அதே பக்கத்தை விரித்து மடியில் வைத்திருந்தார். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

3. புதன், வியாழன்

இந்தக் காரின் புஷ் லொறிப் புஷ் மாதிரிச் சுற்றாது. ரப்பர் உள் வளையத்திலும் வெளி வளையத்திலும் ஒட்டியிருக்கும். ஸ்பிரிங் அசைய அசைய ரப்பர்தான் முறுகிக் கொடுக்க வேண்டும். சில்லு தொங்கும்போது இறுக்கினால், இறக்கியவுடனேயே அது கடைசி வரை முறுகிவிடும். பிறகு கொடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை. நாலு நாள் ஓடினால் கிழிந்துவிடும். இதையெல்லாம் நான் விளங்கிக்கொண்டது புதன்கிழமை, மாஸ்டர் விட்டுப்போன மனுவலின் படத்தைப் பார்த்து. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்பதல்ல. வாசிக்க மனம் இருக்கவில்லை.

அன்று பகல் சோற்றுக்கு வீட்டுக்குப் போனேன். வீட்டு ஃபேன் கிறீச் என்றது. அலுமாரிக் கதவு கிறீச் என்றது. மனைவி கதிரையை இழுத்தபோது நான் துள்ளி எழும்பியதைப் பார்த்து, காத்துக் கறுப்பு ஏதும் பட்டுவிட்டதா என்று கேட்டார். ரப்பர் ஏற்கனவே உள்ளே கிழிந்திருந்தால் வேறு செட் இல்லை. உடனே பிரித்துப் பார்க்கவும் முடியவில்லை; கராஜில் ஒரு சீமெந்து லொறி வழியை அடைத்துக்கொண்டு கியர் பெட்டி இல்லாமல் நின்றது. நாலு தரம் போய்க் காரைச் சுற்றிவிட்டு வந்தேன். அதற்கு ஒரு மாற்றமும் இல்லை. எனக்குத்தான் கால் வலி.

வியாழன் காலை லொறி போனது, மாஸ்டர் வந்தார். இம்முறை ஸ்டாண்டை அக்சலுக்குக் கீழே வைத்தேன். காரின் பாரம் ஸ்பிரிங்கில் இருந்தது. நட்டைத் தளர்த்தினேன். டக் என்று ஒரு சத்தம். கார் மெதுவாகக் கீழே அமர்ந்தது. இரண்டு நாளாக மூச்சை அடக்கி வைத்திருந்த ஆள் விட்டது மாதிரி. டோர்ச் அடித்துப் பார்த்தேன். வலது பக்கத்தில் மட்டும் நகக் கீறல் அளவு ஒரு வெடிப்பு. மாஸ்டர் கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். ஓடும் என்றார்.

ஆட்கள் ஏறிய பாரமும் வேண்டும் என்று மனுவல் சொன்னது. இப்போது நான் மனுவல் பக்தன் அல்லவா? ஓடிப்போய் இரண்டு மூடை உப்பைத் தூக்கி வந்து சீட்டில் வைக்கப் போனேன். மாஸ்டர் குறுக்கே விழுந்து தடுத்தார். மூன்று வருடம் கறள் சுரண்டிய காருக்குள் உப்பு. பாலாவியில் பாரம் என்றால் எங்களுக்கு உப்புத்தான். வேறு ஞாபகமே வருவதில்லை. சீமெந்துக்கு மாற்றினேன். ஒரு சீட்டில் மாஸ்டருக்கு ஒரு மூடை. மற்றது டீச்சருடைய சீட்; அதற்கு எத்தனை என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

"ஒண்டும், இன்னும் கொஞ்சமும்" என்றார் மாஸ்டர். "அவவிட்ட சொல்லிப்போடாதீங்க."

அந்தப் பாரத்தோடு, குழாய் இல்லாமல், மனுவல் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கினேன். இளம் மெக்கானிக் பாஸ்மார் யாராவது இதை வாசித்தால் ஒன்றே ஒன்று: சில பொருட்களை அவை எந்த நிலையில் வாழப்போகின்றனவோ அந்த நிலையில் நிறுத்திவிட்டுத்தான் இறுக்க வேண்டும். அதோடு, வாடிக்கையாளர் வாசித்துக் காட்டும்போது சிரிக்கக் கூடாது.

4. வெள்ளிக்கிழமை

வியாழன் பின்னேரம் மாஸ்டர் காரை எடுத்துப் போய்விட்டார். என் வேலை முடிந்தது. வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் அந்த நகக் கீறல் என்னை இருக்க விடவில்லை. விடியச் சுபஹ் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அதன் சைலன்சரைப் பிடிக்கும் கிளாம்ப் கழன்று மூன்று மாதம். ஊரார் வாகனத்தைச் செய்பவனுக்குத் தன்னுடையதைச் செய்ய ஏது நேரம்? பகல் ஜும்ஆத் தொழுகைக்கு முன் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு சிலாபம் போனேன்.

டீச்சர் வீட்டுக் கேற்றடியில் நின்றார். ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, மறு கையில் குடை. பஸ்ஸுக்கு நடக்க நேர்ந்தால் வெயில் படக் கூடாதே.

"என்ன பாஸ், நீங்களும் பூசைக்கோ?"

"இல்ல டீச்சர், சும்மா இந்தப் பக்கம் வந்தன்."

ஐம்பது கிலோமீற்றர் சும்மா வந்தவன், அவர்களுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில், கழுத்தை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் பின்சில்லைப் பார்த்தபடி போனேன். முன்னேஸ்வரம் கிட்டத்தான். எனக்கு அது மன்னார் தூரம். டீச்சரின் தலை ஒரு தடவைகூடத் துள்ளவில்லை. ஆனால் இரண்டு தடவை திரும்பிப் பின்னால் பார்த்தார். இரண்டு தடவையும் நான் இன்னும் கிட்டப் போய்க் காதைக் கொடுத்தேன்.

கோயில் வாசலில் கார் நின்றது. மாஸ்டர் ஸ்டியரிங்கை விடாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் இறங்கி, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். தட்டை எடுத்தார். குடையைச் சீட்டுக்குப் பின்னால் போட்டுக் கதவைச் சாத்தினார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. எஞ்சினை நிறுத்தக்கூட மறந்து, பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"டீச்சர், வரேக்க பின்னால ஏதும் சத்தம் கேட்டதா?"

"ஓம். உங்கட மோட்டார் சைக்கிள்."