நூற்றுப் பதினொரு பேர் நின்ற வரிசை

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே இருந்த வெல்மோர் தேயிலைத் தோட்டத்தில் பழனியாண்டி பங்களா அப்பு, அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் சமையல்காரர். கூடத்தில் தொங்கிய வெல்மோர் பிரபுவின் படத்தைத் தினமும் துடைப்பதும் அவர் வேலைதான். தோட்டத்துக்குப் பெயர் தந்தவர் அந்தப் பிரபு. யார் விருந்துக்கு வந்தாலும் துரை படத்தின் முன் நிறுத்தி அவருடைய அரசியல் வாழ்க்கையைச் சொல்வார்: அப்பா செத்ததும் இருபத்திரண்டு வயதில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையில் இடம், விக்டோரியா ராணி காலத்தில் இரண்டு தடவை மந்திரி, நாற்பத்தொரு வருடம் அதே ஆசனம். கேட்டுக் கேட்டுப் பழனியாண்டிக்கு அது மனப்பாடம்.

1952இல் நாட்டுப் பொதுத் தேர்தல் முடிந்த வாரம். தோட்டத்து ஆட்களுக்கு அதில் ஓட்டு இல்லை. குடியுரிமையோடு அதுவும் போயிருந்தது. அன்று ஒரு விருந்தாளி, "பிரபு எத்தனை ஓட்டில் ஜெயித்தார்?" என்று கேட்டார். துரை சிரித்தார். "பிரபுவுக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை. பிறந்தால் போதும்."

தட்டு எடுக்க நின்ற பழனியாண்டிக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும்.

அடுத்த மாதம் தொழிற்சங்கத்துக்குத் தோட்டத் தலைவர் தேர்தல் வந்தது. ஆட்களை நிறுத்தி வேலை வாங்கும் பெரிய கங்காணியின் மகன் கணேசமூர்த்தி, பதவி தனக்குத்தான் என்று இருந்தார். கொழுந்து பறிக்கும் காளியாயி, பழனியாண்டி சமைத்துக்கொண்டிருந்த குசினியின் கதவடியில் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க நில்லுங்க."

"தொர வேலைய விட்டு நிப்பாட்டிருவாரு, காளியாயி. இருக்கிற வீடும் போயிரும்."

"நிக்காட்டி மட்டும் பங்களாவ எழுதியா குடுக்கப் போறாரு? நில்லுங்கண்ணே."

பயத்தோடுதான் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை, தினமும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடினார்கள். யாருக்கு ஓட்டோ அவர் பின்னால் நிற்க வேண்டும் என்றார் ஹட்டனிலிருந்து வந்த சங்கத்துக்காரர். கால்கள் பழகிய பக்கமே போயின. பழனியாண்டிக்கு வாக்குக் கொடுத்தவர்கள்கூட, வேலைக்கு நிற்பதுபோலக் கங்காணி மகன் பின்னால் நின்றுவிட்டார்கள். இவருக்குப் பின்னால் காளியாயியும் ஒன்பது பேரும்.

"அப்பு, போய்க் கறியப் பாருங்க, அடிப்புடிச்சிரும்," என்றார் கணேசமூர்த்தி. களமே சிரித்தது.

பழனியாண்டி தனக்குத் தெரிந்த ஒரே அரசியலைச் சொன்னார். "பங்களாவுல ஒரு பிரபு தொங்குறாரு. நாப்பத்தொரு வருஷம் சபையில இருந்தாரு. ஒரு மனுஷன் அவருக்கு ஓட்டுப் போட்டதில்ல. அப்பா எடத்துல மகன், அவ்வளவுதான். நாட்டுல நமக்கு ஓட்டு இல்ல, இங்க ஒன்னு இருக்கு. இது பெரட்டு இல்லீங்க. தம்பிக்கே போடுறதுன்னாலும் யோசிச்சுப் போடுங்க. ஒருக்காக் கலஞ்சிட்டு மறுபடி நில்லுங்க."

சங்கத்துக்காரர் சரி என்றார். கலைந்தார்கள். மறுபடி நின்றபோது கணேசமூர்த்தியின் பின்னால் எண்பத்தாறு பேர். பழனியாண்டியின் பின்னால் நூற்றுப் பதினொரு பேர்.

மறுநாள் அவர் படத்தைத் துடைக்கும்போது துரை கேட்டார்: "எத்தனை, அப்பு?"

"நூத்திப் பதினொன்னுங்க, தொர."

துரை அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, அப்பு கூடத்தில் இல்லாத நேரம் பார்த்தே பிரபுவின் கதையைச் சொன்னார்.

பழனியாண்டி பதினொரு வருடம் தலைவர். பெரிதாகச் சாதித்தார் என்று சொல்ல முடியாது: ஆட்கள் குடியிருந்த லயத்துக்கு இரண்டு தண்ணீர்க் குழாய், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவுக்குப் புதுக் கூரை. யாருக்கும் குடியுரிமை வாங்கித் தர அவரால் ஆகவில்லை. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும், தன் பின்னால் நின்றவர்களையும் சேர்த்து, ஒருமுறை கலைந்து நிற்கச் சொன்னார். 1963இல் அப்படிக் கலைந்தவர்கள் காளியாயியின் பின்னால் போய் நின்றார்கள். பழனியாண்டியும் நடந்துபோய் அந்த வரிசையின் கடைசியில் நின்றார்.

காளியாயி திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, கறி அடிப்புடிச்சிரப் போவுது."

"புடிக்கட்டும். நான் யோசிச்சுத்தான் நிக்கிறேன்."